பரணில் கிடக்கும் ஃபிலிம் சுருள்: மலை ஊர்களில் அதைக் காப்பாற்றும் வழி

பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கியிருக்கிறீர்கள். பழைய பட்டுப்புடவைக்கும் எஸ்டேட் கணக்குப் புத்தகங்களுக்கும் அடியில், உள்ளங்கை அளவில் ஏழெட்டு ஃபிலிம் சுருள்கள் கிடக்கின்றன. பக்கத்திலேயே ஒரு புரொஜெக்டரும் இருக்கலாம். உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்தச் சுருளை அந்தப் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள்.

நான் மாட்டினேன். என் பெரியப்பா கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் எழுத்தராக இருந்தவர். ஊர் திரும்பிய துரை ஒருவர் அவரிடம் 8 மி.மீ. கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெரியப்பா காலமான மறு ஆண்டு, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருக்க, அவர் எடுத்த சுருளை ஓட்டினேன். சுருள் சுருங்கிப்போயிருந்ததால் புரொஜெக்டரின் பற்கள் துளைகளில் பொருந்தவில்லை. கை போய் நிறுத்துவதற்குள் இரண்டடி நைந்துவிட்டது. 8 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 80 கட்டங்கள், அதாவது 80 தனித்தனிப் படங்கள். இரண்டடிக்கு 160. நொடிக்கு 16 கட்டம் என்ற கணக்கில் அது பத்து நொடி. பாட்டி தேயிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேமராவைத் திரும்பிப் பார்த்த பத்து நொடி. பாட்டி அசைவதைக் காட்டும் படம் எங்களிடம் வேறு இல்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குன்னூரில் உட்கார்ந்து எழுதுவதால் நீலகிரியின் மழையும் குளிரும் இதில் அதிகம் வரும். கொடைக்கானல்காரர்களுக்கும் பெரிதாக வேறுபாடு இராது.

வீட்டுச் சுருளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளியானது. ஊரெல்லாம் ஓடிய அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. கொட்டகைகளில் ஓடிய படத்துக்கே அந்த நிலை. வீட்டில் எடுத்த 8 மி.மீ., சூப்பர் 8 சுருள்கள் பெரும்பாலும் 'ரிவர்சல்' வகை. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவப்பட்டுப் படமாக நம் கைக்கு வரும். நெகட்டிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆகவே உங்கள் கையில் இருப்பது உலகிலேயே ஒரே பிரதி. ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், நடந்த ஹெத்தை அம்மன் பண்டிகை, மேட்டுப்பாளையத்திலிருந்து புகைவிட்டு ஏறிவரும் மலை ரயில், மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நடந்த ஒரு கல்யாணம் என்று எது பதிவாகியிருந்தாலும், அது அந்த ஒரு சுருளில் மட்டும்தான் இருக்கிறது.

குளிர் நண்பன், ஈரம் பகைவன்

வேலையைத் தொடங்குமுன் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்த இடம். ஃபிலிமுக்குத் தூசியில்லாத காற்றும் குளிர்ந்த சூழலும் வேண்டும்; இந்த மலையில் இரண்டும் இருந்தன. தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது, இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. அந்தக் குளிர் இன்னமும் நமக்கு உதவுகிறது. வீட்டுச் சுருள்களில் பெரும்பாலானவை அசெட்டேட் என்ற வகை; அந்த ஃபிலிம் 21 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், ஏறத்தாழ 40 ஆண்டுகளில் சிதையத் தொடங்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறையும்போதெல்லாம் அந்தக் காலம் ஏறக்குறைய இரு மடங்காகும். சென்னையில் ஒரு பரணில் கிடந்த சுருளைவிட ஊட்டியில் கிடந்த சுருள் நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே ஊட்டியில்தான் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மூடுபனியும் வீட்டுக்குள் வந்து உட்காருகின்றன. தோல் செருப்பில் பச்சை பூக்கும் வீட்டில் ஃபிலிமிலும் பூக்கும். ஃபிலிமின் படப்பூச்சு ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. ஆகவே நம் வேலை குளிரைத் தக்கவைத்துக்கொண்டு ஈரத்தை மட்டும் விரட்டுவது. இந்த வேலை சமவெளிக்காரர்களுக்கு இல்லை. அவர்களுக்கான வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நமக்குப் பாதிதான் பயன்படும்.

நாளும் இடமும்

பெட்டி எந்த மாதத்தில் கிடைத்தாலும், திறந்து பார்க்கும் வேலையைச் சனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களுக்கு ஒதுக்குங்கள். அவசரமாக நவம்பரில் திறந்தால் மழைக் காற்றைத்தான் உள்ளே விடுவீர்கள். பரணிலிருந்து இறக்கியதும் சூடான அறைக்குள் கொண்டுபோய்த் திறக்கவும் வேண்டாம். குளிர்ந்த டப்பாவின்மேல் வியர்த்துவிடும். மூடியபடியே ஒரு நாள் அறையில் கிடக்கட்டும்.

ஜன்னல் ஓரமாக ஒரு மேசை, அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி, பருத்திக் கையுறை, முகக்கவசம், பென்சில், நோட்டு, நீளமான ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவு போதும். டீ டம்ளர் மேசைக்கு வர வேண்டாம். கணப்பும் கெரசின் விளக்கும் அந்த அறையிலேயே வேண்டாம்.

முதலில் மூக்கு

டப்பாவை முகத்துக்கு நேரே திறக்காமல், சற்றுத் தள்ளி வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் புளித்த காடி நெடி வந்தால், அசெட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். 'வினிகர் நோய்' என்றே இதைச் சொல்கிறார்கள். ஃபிலிமின் அடித்தளத்திலிருந்து அசெட்டிக் அமிலம் பிரிந்து வருகிறது. வந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. மூடிய டப்பாவுக்குள் இது நாளுக்கு நாள் வேகமெடுக்கும். இந்தச் சிதைவைப் பற்றிக் கோடாக் நிறுவனத்துக்குப் போன முதல் புகார்களில் ஒன்று இந்திய அரசிடமிருந்துதான் போனது. வெப்பமும் ஈரமும் நிறைந்த கிடங்கில் இருந்த சுருள்கள் அவை.

நெடி அடிக்கும் சுருளை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நெடி இல்லையென்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மூக்குக்கு எட்டும்போது சிதைவு ஏற்கெனவே சற்று முன்னேறியிருக்கும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட், 'ஏ-டி ஸ்ட்ரிப்' என்ற சிறு காகிதப் பட்டையைத் தயாரிக்கிறது. அதை டப்பாவுக்குள் போட்டு மூடி ஒரு நாள் விட வேண்டும். அமிலம் இருந்தால் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகும். குளிரில் நிறம் மெதுவாகத்தான் மாறும் என்பதால் நம் ஊரில் மூன்று நான்கு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது. பத்துச் சுருளுக்கு மேல் இருந்தால் இந்தப் பட்டைகளை வரவழைப்பது செலவுக்குத் தகுந்த பயனைத் தரும். எந்தச் சுருளை முதலில் காப்பாற்றுவது என்ற வரிசையை அவைதான் சொல்லும்.

பிறகு கண்ணால் பாருங்கள். விளிம்பு வாழைப்பூ இதழ்போல் வளைந்திருக்கிறதா, வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா, சிலந்திவலை மாதிரி பூஞ்சை ஓடியிருக்கிறதா, டப்பாவின் துரு ஃபிலிமில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகளைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அது ஃபிலிமைக் கழுவி ஸ்கேன் செய்யும் லேபின் வேலை.

அகலத்தை அளந்தால் வகை தெரியும்

ஸ்கேலை வைத்து ஃபிலிமின் அகலத்தை அளக்கவும். 8 மி.மீ. இருந்தால் அது பழைய 'ரெகுலர் 8' ஆகவோ 'சூப்பர் 8' ஆகவோ இருக்கும். முன்னது 1932-இல் வந்தது, பின்னது 1965-இல். துளையைப் பாருங்கள்: ரெகுலர் 8-இல் துளை பெரியது, இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டுக்கு நேரே இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறியது, கட்டத்தின் நடுவுக்கு நேரே இருக்கும். ஃபிலிமைச் சுற்றிவைக்கும் சக்கரமான ஸ்பூலின் நடு ஓட்டையும் சூப்பர் 8-இல் பெரியது. 16 மி.மீ. இருந்தால் எஸ்டேட் கம்பெனியோ, மிஷன் பள்ளியோ, வசதியான துரையோ எடுத்ததாக இருக்கலாம். 16 மி.மீ. அகலத்தில், துளைகள் மட்டும் வழக்கத்தைவிட இரு மடங்கு நெருக்கமாக இருந்தால், அது நடுவே இன்னும் வெட்டப்படாத ரெகுலர் 8. அந்தக் காலத்தில் ஒரே சுருளை ஒரு பக்கமும் மறு பக்கமுமாக இரு முறை ஓட்டிப் படமெடுத்து, கழுவியபின் நடுவில் வெட்டி ஒட்டுவார்கள். 9.5 மி.மீ. அகலமும், நட்டநடுவில் துளையும் இருந்தால் பாத்தே நிறுவனத்தின் வகை.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த சூப்பர் 8 சுருள், கழுவாமலேயே கிடைப்பதும் உண்டு. அதைத் திறக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும். அதன்மேல் 'கோடாக்குரோம்' என்று இருந்தால், அந்த வண்ணக் கழுவல் 2010 டிசம்பரோடு உலகெங்கும் நின்றுவிட்டது. தேர்ந்த லேபால் கறுப்பு வெள்ளையில் ஏதாவது மீட்க முடியும்.

அகலம் 35 மி.மீ. என்றால் கையை எடுத்துவிட்டு நிதானமாக யோசியுங்கள். 1950-களின் தொடக்கம் வரை கொட்டகைப் படங்கள் நைட்ரேட் ஃபிலிமில்தான் வந்தன. நைட்ரேட் என்பது நைட்ரோசெல்லுலோஸ். நம் அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் அந்தக் கார்டைட் என்ற வெடிமருந்தின் முக்கியச் சரக்கும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் என்றால், அது எப்படி எரியும் என்பதைக் குன்னூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தந்துகொள்வதால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 சனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்து, இந்தியாவின் ஆரம்பகாலப் படங்கள் பல அழிந்தன. விளிம்பில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. 'நைட்ரேட்' என்று இருந்தாலோ, எதுவும் இல்லாமல் பழையதாகத் தெரிந்தாலோ, ஒரு துண்டைக் கொளுத்திச் சோதிக்கும் வேலையே கூடாது. வீட்டைவிட்டு விலகிய, வெயில் படாத, குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, புனேயிலுள்ள இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ, மும்பையிலுள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ பார்சலாக அனுப்பவே கூடாது. 8 மி.மீ. வகைகளும், கோடாக்கின் 16 மி.மீ. ஃபிலிமும் தொடக்கம் முதலே தீப்பிடிக்காத அடித்தளத்தில்தான் செய்யப்பட்டன. ஆகவே வீட்டுச் சுருள் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

சுருக்கத்தை ஸ்கேலால் அளப்பது

இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பாட்டியின் பத்து நொடி பிழைத்திருக்கும். சுருளின் தலைப்பைத் துணிமேல் இழுக்காமல் நேராக விரித்து, ஒரு துளையின் விளிம்பிலிருந்து தொடங்கி நூறு கட்டங்களை எண்ணி, நூறாவது கட்டத்துக்கு அடுத்த துளையின் அதே விளிம்பு வரை அளவெடுங்கள். ரெகுலர் 8 புதிதாக இருந்தபோது அந்த நீளம் 381 மி.மீ. சூப்பர் 8-க்கு 423 மி.மீ. 16 மி.மீ. ஃபிலிமுக்கு 762 மி.மீ. உங்கள் ரெகுலர் 8 சுருள் 377 மி.மீ. காட்டினால் அது ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. அந்த நிலையில் எந்தப் புரொஜெக்டரிலும் ஏற்றக் கூடாது. அரை சதவீதம் என்றாலும் நான் ஏற்ற மாட்டேன். பொறுமையாக மூன்று முறை அளந்து எழுதிவையுங்கள். லேபில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

டப்பாவில் உள்ள எழுத்து

அட்டைப்பெட்டி, தபால் முத்திரை, யாரோ பென்சிலில் கிறுக்கிய 'சின்னவன் காதுகுத்து' என்ற இரண்டு சொல், ஸ்பூலில் ஒட்டிய நைந்த காகிதம் என்று எதையும் எறியாதீர்கள். எல்லாவற்றையும் அப்படியே போட்டோ எடுத்து, ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணையே நோட்டிலும் புதிய டப்பாவிலும் எழுதுங்கள். கோடாக் ஃபிலிமின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டை அவை காட்டும். ஒரே குறி இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், 1942-ஆ 1962-ஆ என்பதைப் படத்தில் உள்ள காரையும் சட்டையையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

துடைப்பதும் ஒட்டுவதும்

இந்த வேலையில் குறைவாகச் செய்பவரே நல்லவர். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டலாம். கையால் மெதுவாகச் சுற்றும்போது, பஞ்சு உதிராத உலர்ந்த மென்துணியை இரு விரலுக்கு நடுவே லேசாகப் பிடித்து ஃபிலிமை அதனூடே விடலாம். தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் பூஞ்சையோடு படமும் வந்துவிடும். பூஞ்சைச் சுருளை முதலில் வறண்ட இடத்தில் சில வாரம் வைத்துக் காயவிட்டு, பிறகு வாசலுக்குக் கொண்டுபோய், முகக்கவசம் அணிந்து, தூரிகையால் தட்டிவிடுங்கள். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், தேங்காய் எண்ணெய் என்று பலரும் பல யோசனை சொல்வார்கள். ஒன்றையும் கேட்க வேண்டாம்.

அறுந்த இடத்தை ஒட்ட, துளையிட்ட பாலியெஸ்டர் ஒட்டுநாடா தனியாக விற்கிறது. வீட்டு செல்லோ டேப்பின் பசை சில ஆண்டில் கசிந்து பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாடா கையில் இல்லையென்றால் அறுந்த துண்டை ஒட்டாமல் அதே டப்பாவில், சுருளின் எண்ணெழுதிய காகித உறைக்குள் வைத்துவிடுங்கள். பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது

துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து எடுத்து, காற்று சற்று உட்புகும் பாலிபுரோப்பிலீன் டப்பாவுக்கோ, அமிலமற்ற அட்டைப் பெட்டிக்கோ மாற்றுங்கள். சுருளைத் தட்டுபோலப் படுக்கவைத்து அடுக்க வேண்டும். நிற்கவைத்தால் தன் எடையாலேயே கோணிவிடும். ட்ரங்குப் பெட்டியில் வழக்கமாகப் போடும் அந்துருண்டை வேண்டாம்.

தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண் கூடாது. பகலில் கொதித்து இரவில் உறையும் இடம் அது. சமையலறைப் பக்கமும் கூடாது. குன்னூர், கோத்தகிரி வீடுகளில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்தச் சுவரில் ஒட்டாத, வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் உள்ள பீரோ அலமாரி நல்ல இடம். அதற்குள் விலை குறைந்த ஓர் ஈரப்பதமானியை வைத்துவிடுங்கள். முள் 30-க்கும் 50-க்கும் இடையே நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அறைக்குள் 80, 90 என்று முள் ஏறுவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் டப்பாக்களை அடுக்கி, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுகிறேன். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஈரத்தைக் குடித்து நிறம் மாறியதும் எடுத்து, வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தோ, ஓவனில் வைத்தோ மறுபடி உலர்த்தலாம். வறுக்கும் வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நெடி வரும் சுருளை இறுக மூடினால் அமில ஆவி உள்ளேயே சுழலும். திறந்து வைத்தால் ஈரம் ஏறும். அதற்கு ஃப்ரீசர்தான் விடை. சனவரியின் வறண்ட நாளில், டப்பாவோடு சேர்த்து ஜிப் உறை ஒன்றில் காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னோர் உறைக்குள் மூடி, இரண்டுக்கும் நடுவே ஈரம் காட்டும் அட்டை ஒன்றை வைத்து, ஃப்ரீசரில் வையுங்கள். சிதைவு முழுதாக நிற்காது; ஆனால் ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். வெளியே எடுக்கும்போது உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுதும் அறையில் வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் போனாலும், ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் கேடில்லை.

லேபுக்குப் போகும் முன்

சுருளைக் கூரியரில் அனுப்பாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிக் கையோடு சென்னைக்குக் கொண்டுபோங்கள். கோடை வேண்டாம். கீழே இறங்கும்போது பையை ஜன்னல் வெயிலில் வைக்க வேண்டாம்.

லேபில் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் ஸ்கேனர் பற்சக்கரத்தால் ஃபிலிமை இழுக்கிறதா, உருளைகளால் நகர்த்துகிறதா? பற்சக்கரம் என்றால் சுருங்கிய சுருளைக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டமாகப் படமெடுக்கிறீர்களா, திரையில் ஓட்டி வீடியோ எடுக்கிறீர்களா? கட்டம் கட்டமாக என்பதே ஏற்கத்தக்க விடை. கட்டத்தின் விளிம்பையும் துளையையும் சேர்த்து ஸ்கேன் செய்ய முடியுமா? நிறம் திருத்தாத மூலக் கோப்பை எனக்குத் தருவீர்களா? ஒரு முறை ஒரு லேபில், 'எல்லாம் அழகாக்கிக் கொடுத்துவிட்டோம்' என்று சொல்லித் திருத்திய கோப்பை மட்டும் தந்தார்கள். மூடுபனியைக் கறை என்று நினைத்துத் துடைத்திருந்தார்கள். மூலக் கோப்பை அவர்கள் வைத்திருக்கவில்லை. மறுபடி செலவு செய்து எடுக்க வேண்டியதாயிற்று.

8 மி.மீ. வகைகளுக்கு 2கே தெளிவு (படத்தின் அகலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் புள்ளிகள்) போதும். 16 மி.மீ.க்கு முடிந்தால் 4கே. கோப்பின் அளவுக்குத் தயாராகுங்கள். 50 அடி சூப்பர் 8 சுருளில் 3,600 கட்டங்கள். நொடிக்கு 18 கட்டம் என்றால் மூன்று நிமிடம் இருபது நொடிதான் ஓடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் 2கே அளவில் சுருக்காத 'டிபிஎக்ஸ்' கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 45 ஜிபி ஆகும். இடமில்லாதவர்கள் தரம் குறையாமல் சுருக்கும் 'எஃப்எஃப்வி1' வடிவத்தைக் கேட்கலாம். காப்பகங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சிறிய கோப்பு ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

மூலக் கோப்புக்கு மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். மலையிலிருக்கும் நாம் அந்த மூன்றாவதைக் கோயம்புத்தூரில் வைப்பது எளிது. கோப்பு வந்துவிட்டதே என்று சுருளை எறிவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக வைத்த சுருள் நம் பேரன் காலத்திலும் இருக்கும். இன்றைய ஸ்கேனர் காணாததை அன்றைய ஸ்கேனர் காணும்.

சீரமைக்கும்போது

நிறம் போனது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். அறுபது, எழுபதுகளின் வண்ண ஃபிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்க, படம் முழுவதும் செங்கருஞ்சிவப்பாய்த் தெரியும். கோடாக்குரோம் இருட்டில் வைத்திருந்தால் அநேகமாக அப்படியே இருக்கும். வெளுத்ததைக் கணினியில் ஓரளவு மீட்கலாம். அதற்கு நம் ஊரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: தேயிலைத் துளிரின் பச்சை எப்படியிருக்கும், மழைக்குப் பிந்தைய வானம் எப்படியிருக்கும் என்பது வெளியூர்த் தொழில்நுட்பக்காரரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓட்டத்தின் வேகத்தைச் சரிபாருங்கள். 16 கட்டத்தில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாரும் பொம்மைபோல் ஓடுவார்கள். கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தால் ஃபிலிமைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கீறல், தூசி, நடுக்கம் ஆகியவற்றைக் குறைக்கலாம். ஆனால் இல்லாத கட்டங்களைக் கணினி கற்பனையாக வரைந்து படத்தை வழுக்கிக்கொண்டு ஓடச் செய்வதையும், கறுப்பு வெள்ளைக்கு நிறம் பூசுவதையும், மணிமணியான ஃபிலிம் துகளை வழித்து முகத்தை மெழுகாக்குவதையும் நான் சீரமைப்பு என்று ஏற்க மாட்டேன். பாட்டியின் முகத்தில் கணினி வரைந்த கண் எனக்கு வேண்டாம். எதைத் திருத்தினாலும் என்ன திருத்தினோம் என்று நோட்டில் எழுதுங்கள்.

ஊராரோடு உட்கார்ந்து பார்ப்பது

படத்தில் இருப்பவர்களை அறிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போங்கள். ஒலியில்லாத படத்தைக் காட்டி, அவர்கள் பேசுவதைப் போனில் பதிவுசெய்யுங்கள். 'அதோ அந்த வளைவில் ஒரு சில்வர் ஓக் இருந்தது, தொண்ணூற்று மூன்று மழையில் விழுந்தது' என்பார் ஒருவர். அவர் சொன்னால்தான் அந்த வளைவு எது என்பதே நமக்குத் தெரியும்.

ஆண்டைக் கண்டுபிடிக்கச் சுவரொட்டியும் பஸ்ஸும் உதவும். பஸ்ஸில் சேரன் போக்குவரத்துக் கழகம் என்று இருந்தால் 1972-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அரசுப் பலகையில் 'தமிழ்நாடு' என்று மாநிலப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பிந்தியது.

இணையத்தில் ஏற்றுமுன் கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள். பழைய சுருள்களில் படகர் சாவுச் சடங்கும், தோடர் குடியிருப்பான மந்தின் கோயிலும், குழந்தைகள் குளிப்பதும் வரும். அன்று எடுத்தவர் அனுமதி கேட்டிருக்க மாட்டார். அந்த ஹட்டியின், அந்த மந்தின் பெரியவர்களிடம் முதலில் காட்டி, அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை வெளியிடாமல் விடுங்கள். வெளியிடாவிட்டாலும் காப்பாற்றலாம். அவர்களுக்கென்று ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பது நம் கடமை.

வீட்டில் வைத்துக் காக்க இயலாதவர்கள் முன்பு சொன்ன புனே, மும்பை அமைப்புகளுக்கு எழுதிக் கேட்கலாம். கொடுக்கும்போது உரிமையைக் கொடுக்கிறீர்களா, பாதுகாக்க மட்டும் கொடுக்கிறீர்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

பொங்கல் முடிந்து உறைபனி விலகும் வாரத்தில் ஒரு முற்பகலை இதற்கென்று ஒதுக்குகிறேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவையும் முகர்கிறேன், சுருளை ஒருமுறை கையால் மெதுவாகச் சுற்றி விடுகிறேன், சிலிக்கா ஜெல்லை வறுத்துப் போடுகிறேன், நூறு கட்டத்தை மறுபடி அளக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு நோட்டில் தேதி, ஈரப்பதம், நெடி உண்டா இல்லையா, அளவு, என் கையெழுத்து. பெரியப்பாவின் மூன்றாம் எண் சுருள் இந்த ஆண்டு 379 மி.மீ. போன ஆண்டும் அதுதான்.